இரவல் புத்தகம்

வாசிக்கும் முன்

நீங்கள் கடைசியாக யாரிடமாவது இரவல் வாங்கிய பொருள் எது? பென்சிலா, குடையா, புத்தகமா? அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்!

இந்தப் பாடத்தில் கதை சொல்லும் பிள்ளை எழுத்துத் தமிழில் சொல்கிறாள். ஆனால் அவளும் அவளுடைய அப்பப்பாவும் கதைப்பது யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழ். முதலில் உரக்க வாசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் கேட்ட சொற்கள் பல வரும்.

பாடம்

எங்கள் வீடு பலெர்மோவில், பலாரோ சந்தைக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய தெருவில் இருக்கிறது. மூன்றாம் மாடி. யன்னலைத் திறந்தால் மீன் விற்பவர்கள் கூவும் சத்தம் கேட்கும். எங்கள் தெருவில் சிசிலிக்காரர்களும் பங்களாதேசத்தவர்களும் கானா நாட்டவர்களும் எங்களைப் போன்ற தமிழர்களும் இருக்கிறார்கள்.

அப்பா ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் வருவார். அம்மா ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பராமரிக்கப் போகிறார். தம்பிக்கு ஆறு வயது. போன வருடம் அப்பப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். இப்போது எங்களோடுதான் இருக்கிறார்.

அப்பப்பாவுக்கு இத்தாலிய மொழி தெரியாது. "பொன்ஜோர்னோ", "கிராட்சியே" என்ற இரண்டு சொற்கள் மட்டும் தெரியும். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டே சந்தையில் நல்ல கத்தரிக்காயாகத் தெரிந்து வாங்கிவிடுவார். ஆனால் பகல் முழுவதும் வீட்டில் சும்மா இருப்பது அவருக்குப் பிடிக்காது.

"இஞ்ச லைப்ரரி ஒண்டும் இல்லையோ, பிள்ளை?" என்று ஒரு நாள் கேட்டார்.

"இருக்கு அப்பப்பா. சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போறன்" என்றேன்.

அவர் சனிக்கிழமை வரைக்கும் பொறுக்கவில்லை. அடுத்த நாளே தனியாக நடந்து போனார். பெரிய தெருவில் ஒரு கட்டடத்தின் பெயர்ப்பலகையில் 'லிப்ரேரியா' என்று எழுதியிருந்தது. அப்பப்பா ஆங்கில எழுத்து வாசிப்பார். 'லைப்ரரியைத்தான் இவை இப்பிடி எழுதியிருக்கினம்' என்று நினைத்து உள்ளே போனார்.

உள்ளே புத்தகங்கள் அடுக்கடுக்காக இருந்தன. ஒரு கதிரையும் இருந்தது. அப்பப்பா பறவைகள் பற்றிய ஒரு பெரிய படப் புத்தகத்தை எடுத்து, ஒரு மணி நேரம் இருந்து பார்த்தார். பிறகு அதை முன்மேசைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். மேசையில் இருந்தவர் ஒரு துண்டில் '22' என்று எழுதிக் காட்டினார்.

"நான் நினைச்சன், இருவத்திரண்டு நாள் தவணை எண்டு. எவ்வளவு நல்ல லைப்ரரி! கிராட்சியே எண்டு சொல்லிப்போட்டுப் புத்தகத்தைப் பையுக்குள்ள வைச்சுக்கொண்டு வெளிக்கிட்டன்."

மேசையில் இருந்தவர் பின்னால் ஓடி வந்தாராம். விரலோடு விரலை உரசி, காசு என்று காட்டிய பிறகுதான் அப்பப்பாவுக்கு விளங்கியது. அது 22 நாள் இல்லை. 22 யூரோ! அவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேகமாக வீட்டுக்கு வந்துவிட்டார்.

அம்மாவும் நானும் வயிறு நோகச் சிரித்தோம். அப்பப்பா சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் சிரித்தார்.

இத்தாலியில் 'லிப்ரேரியா' என்றால் புத்தகக் கடை. வீட்டில் இருக்கும் புத்தக அலுமாரிக்கும் அந்தப் பெயர் உண்டு. இரவல் கொடுக்கும் இடத்துக்குப் பெயர் 'பிப்ளியோதேக்கா'. அது பழைய கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. புத்தகத்தை வைக்கும் பெட்டி என்பது அதன் பொருள். தமிழில் நூலகம் என்கிறோம். நூல், அகம் என்று பிரித்துப் பாருங்கள். அகம் என்றால் வீடு. கிரேக்கர் புத்தகத்துக்குப் பெட்டி கொடுத்தார்கள், நாங்கள் வீடே கொடுத்திருக்கிறோம் என்று அப்பப்பா சொன்னார்.

சனிக்கிழமை அப்பப்பாவையும் தம்பியையும் எங்கள் பக்கத்துச் சிறுவர் நூலகத்துக்குக் கூட்டிப் போனேன். அது பெரிய இடம் அல்ல. இரண்டு அறைகள்தான். அலுமாரிகள் எல்லாம் பதிவாக இருக்கும். தம்பிகூட மேல்தட்டைத் தொடலாம். தரையில் மெத்தைகள் கிடக்கும். நூலகர் ஒரு பெண். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்.

"எவ்வளவு காசு?" என்று அப்பப்பா என் காதுக்குள் கேட்டார். அவருக்கு இன்னும் அந்த 22 யூரோ மறக்கவில்லை.

"காசு இல்லை, அப்பப்பா. அட்டை காட்டினால் காணும். மூண்டு புத்தகம், முப்பது நாள்."

"மூண்டும் சும்மாவோ?"

"சும்மா இல்லை. திருப்பிக் குடுக்கவேணும்."

அவருக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னார்.

எனக்கு நூலகத்தில் மிகவும் பிடித்தது எது தெரியுமா? எடுக்கும் நேரம்தான். பிறந்தநாளுக்கு யாராவது புத்தகம் தந்தால், அது எனக்குப் பிடிக்குமா என்று அவர்கள் யோசித்திருப்பார்கள். இங்கே நானே யோசிக்க வேண்டும். ஒன்றை எடுப்பேன். இரண்டு பக்கம் வாசிப்பேன். வைத்துவிடுவேன். இன்னொன்றை எடுப்பேன். பிடிக்காமல் போனாலும் நட்டமில்லை. அதனால் துணிந்து எதையும் எடுக்கலாம். எரிமலை பற்றி எடுத்தேன். எங்கள் தீவில் எட்னா இருக்கிறதே! சிலந்தி பற்றி எடுத்தேன். அது தம்பிக்குப் பயம் காட்ட.

இன்னொரு விஷயமும் உண்டு. எனக்கு முன் அந்தப் புத்தகத்தை யாரோ வாசித்திருப்பார்கள். ஒரு முறை ஒரு பழைய பஸ் டிக்கெட் பக்கங்களுக்கு நடுவே இருந்தது. இன்னொரு முறை பாண் துகள். யாரோ ஒரு பிள்ளை சாப்பிட்டுக்கொண்டே வாசித்திருக்கிறது, என்னைப் போல! சொந்தப் புத்தகத்தில் இந்த வேடிக்கை இல்லை. சொந்தப் புத்தகத்தை 'நாளைக்கு வாசிப்போம்' என்று வைத்துவிடவும் முடியும். இரவல் புத்தகத்துக்கு முப்பது நாள்தான்.

அன்று நான் எடுத்த மூன்றில் ஒன்று 'பினோக்கியோ'. பெரிய படங்களோடு இருந்தது. இதை எழுதியவர் கார்லோ கொலோடி. 1883 ஆம் ஆண்டு புத்தகமாக வந்த கதை. எல்லோருக்கும் தெரிந்த கதைதானே என்று நினைப்பீர்கள். எனக்கும் படம் பார்த்துத் தெரியும். ஆனால் புத்தகத்தில் இருப்பது வேறு. படத்தில் பினோக்கியோவின் அப்பாவை விழுங்குவது திமிங்கிலம். புத்தகத்தில் அது ஒரு பயங்கரச் சுறா!

இரவில் சாப்பிட்ட பிறகு நான் இத்தாலிய மொழியில் ஒரு பக்கம் வாசிப்பேன். பிறகு அதை அப்பப்பாவுக்குத் தமிழில் சொல்வேன். அது லேசான வேலை இல்லை. 'கிரில்லோ' என்று ஒரு பூச்சி வரும். அது பேசும். அதற்குத் தமிழில் என்ன?

"இரவில கிறீச் கிறீச் எண்டு கத்தும், அப்பப்பா. கறுப்பு. பாயும்."

"சில்வண்டு" என்றார் அப்பப்பா.

இப்படி எனக்கு ஒவ்வொரு இரவும் இரண்டு மூன்று சொற்கள் கிடைத்தன. அப்பப்பாவுக்குக் கதை கிடைத்தது. தம்பி இடையில் தூங்கிவிடுவான்.

ஓர் இடத்தில் அப்பப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. பினோக்கியோ பள்ளிக்கூடம் போக ஓர் எழுத்துப் புத்தகம் வேண்டும். ஜெப்பெத்தோவிடம் காசு இல்லை. குளிர் காலத்தில் தன் மேல்சட்டையை விற்று அந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுக்கிறார். பினோக்கியோ பள்ளிக்குப் போகும் வழியில் பொம்மலாட்டம் நடக்கிறது. உள்ளே போக நாலு காசு வேண்டும். உடனே புத்தகத்தை விற்றுவிடுகிறான்!

"புத்தகத்தையோ வித்தவன்? தகப்பன் குளிருக்குள்ள நிக்க?" அப்பப்பா எழுந்து நடக்கத் தொடங்கினார். "நாளைக்கு வாசி. இண்டைக்குக் காணும்."

அந்த நாளைக்குத்தான் அது நடந்தது.

மாலையில் புத்தகம் மேசையில் திறந்தபடி கிடந்தது. பக்கத்தில் அப்பப்பாவின் பால் தேத்தண்ணி. தம்பி சிலந்தி மாதிரி மேசையில் ஏறினான். (சிலந்திப் புத்தகம் எடுத்தது என் பிழைதான்.) கோப்பை விழுந்தது. தேத்தண்ணி புத்தகத்துக்குள் ஓடியது.

நான் துணியால் துடைத்தேன். முடியை உலர்த்தும் கருவியால் காற்றுப் பிடித்தேன். பக்கங்கள் காய்ந்தன. ஆனால் அப்பளம் பொரித்தது போல உப்பி வளைந்துவிட்டன. ஜெப்பெத்தோவின் முகத்தில் ஒரு பெரிய மண்ணிறக் கறை.

யாரிடமும் சொல்லவில்லை. தம்பிக்கு ஒரு மிட்டாய் கொடுத்து, வாயைத் திறக்கக் கூடாது என்றேன். புத்தகத்தைச் சமையலறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். "கதை என்ன ஆச்சுது?" என்று அப்பப்பா கேட்டார். "வீட்டுப்பாடம் கூட, அப்பப்பா" என்றேன்.

முப்பதாவது நாள் வந்தது. மற்ற இரண்டு புத்தகங்களையும் கொடுக்கப் போனால் மூன்றாவதைக் கேட்பார்கள். ஆகவே போகவே இல்லை. நாலு நாள் பிந்தியது. பிறகு ஏழு நாள். நூலகத் தெருவால் போகாமல் சுற்று வழியால் பள்ளிக்குப் போனேன். நூலகர் யன்னலால் என்னைப் பார்த்துவிடுவாரோ என்று பயம். எனக்கு மிகவும் பிடித்த இடம் எனக்குப் பயமான இடம் ஆகிவிட்டது.

பதினோராவது நாள் அப்பப்பா சோறு சமைக்க அரிசி எடுத்தார். புத்தகமும் கையில் வந்தது.

நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. கறை பிடித்த பக்கத்தை விரலால் தடவினார்.

"எத்தினை நாள் பிந்திப் போச்சு?"

"பதினொரு நாள்."

"நான் மூண்டு வருசம் பிந்திக் குடுத்தனான்" என்றார்.

நான் அழுகையை நிறுத்திவிட்டேன். மூன்று வருடமா?

அப்பப்பா சொன்ன கதை இது.

அவருடைய வீடு நல்லூரில் இருந்தது. சைக்கிளில் போனால் கொஞ்ச நேரத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம். வெள்ளைக் கட்டடம். நடுவில் குவிமாடம். முன்னால் சரஸ்வதி சிலை. ஆனால் அந்த நூலகம் தொடங்கியபோது அவ்வளவு பெரிதாக இருக்கவில்லை. 1933 ஆம் ஆண்டு கே. எம். செல்லப்பா என்பவர் தன் வீட்டில் இருந்த புத்தகங்களை மற்றவர்களுக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அதைப் பார்த்துப் பலர் சேர்ந்தார்கள். அடுத்த வருடம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு சின்ன வாடகை அறையில் நூலகம் திறந்தார்கள். ஊர்ச் சனங்கள் பணம் சேர்த்தார்கள். 1959 இல் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. 1967 இல் சிறுவர் பகுதியும் வந்தது. அப்பப்பாவுக்கு அப்போது ஐந்து வயது.

"என்ர கொப்பர் தோளில தூக்கிக்கொண்டு போனவர். உன்ர தம்பிமாதிரித்தான், நானும் கீழ்த்தட்டில இருந்து தொடங்கினனான்."

அந்த நூலகத்தை எப்படி அமைக்கலாம் என்று ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் எஸ். ஆர். ரங்கநாதன். தமிழ்நாட்டில் சீர்காழியில் பிறந்தவர். கணக்குப் படிப்பித்தவர், பிறகு நூலகர் ஆனார். நூலகங்களுக்கு ஐந்து விதிகளை எழுதினார். புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதியின் கருத்து. 'அப்படியென்றால் கொஞ்சம் தேத்தண்ணி பட்டால் பரவாயில்லையா?' என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அது கேட்கும் நேரம் இல்லை.

1981 ஆம் ஆண்டு. அப்பப்பாவுக்கு 19 வயது. மே மாதம் 29 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, தாவரங்கள் பற்றிய ஒரு புத்தகத்தை இரவல் எடுத்தார். பதினாலு நாள் தவணை.

அடுத்த சில நாட்களுக்குள் ஓர் இரவு நூலகத்தை எரித்துவிட்டார்கள்.

"ஆர் எரிச்சது, அப்பப்பா?"

"ஒரு கூட்டம். காவல் காக்க வேண்டிய பொலிஸ்காரரும் அதுக்குள்ள இருந்தவை." கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. "ஏன் எண்டு நீ கேப்பாய். ஒரு சனத்தை நோகப் பண்ண வேணும் எண்டால், அந்தச் சனம் ஆசையா வைச்சிருக்கிறதில கை வைப்பினம்."

ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் எரிந்தன. பழைய ஓலைச்சுவடிகளும் எரிந்தன. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஒரு புத்தகம் வாசித்தால், 97,000 புத்தகங்களை வாசிக்க 265 வருடங்களுக்கு மேல் வேண்டும்.

காலையில் அப்பப்பா சைக்கிளில் போய்ப் பார்த்தார். புகை இன்னும் வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து மேசையைப் பார்த்தார். தாவரப் புத்தகம் அங்கே இருந்தது.

ஜூன் 12 ஆம் திகதி தவணை முடிந்தது. அன்றும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனாராம். கறுத்த சுவர்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாராம்.

"ஏன் போனீங்கள்? குடுக்க ஒருத்தரும் இல்லைத்தானே?"

"திகதி வந்திட்டுது. வேற என்ன செய்யிறது?"

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1984 இல் கட்டடத்தின் ஒரு பகுதியைத் திருத்தித் திறந்தார்கள். பல ஊர்களிலிருந்து சனங்கள் புத்தகம் அனுப்பினார்கள். அப்பப்பாவும் தாவரப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். தண்டப்பணம் கட்ட வேண்டும் என்று காசும் கொண்டு போனார். மூன்று வருடத்துக்கு எவ்வளவு வரும்? அவர் இரவு முழுவதும் கணக்குப் பார்த்திருக்கிறார்.

"மேசையில ஒரு ஐயா இருந்தவர். புத்தகத்தைத் திறந்தார். பழைய நூலகத்தின்ர முத்திரை இருந்தது. அதையே பாத்துக்கொண்டு இருந்தார். பிறகு 'தம்பி, இதுக்குத் தண்டம் இல்லை' எண்டார். காசைத் திருப்பி என்ர சட்டைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுவிட்டார்."

"பிறகு அந்தப் புத்தகம்?"

"85 இல திரும்பவும் அழிவு வந்தது. அந்தக் கட்டடத்துக்குள்ள குண்டு வெடிச்சு, சேத்த புத்தகங்களும் ஆயிரக்கணக்கில போச்சுது."

"தாவரப் புத்தகமும் போச்சுதோ?"

"தெரியேல்லை, பிள்ளை."

இருவரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். கீழே சந்தையில் யாரோ எலுமிச்சம்பழம் விலை சொல்லிக் கூவினார்கள்.

இப்போது அந்த நூலகம் மீண்டும் வெள்ளையாக நிற்கிறது. இங்கே வருவதற்கு முன் அப்பப்பா போய்ப் பார்த்தாராம். சிறுவர் பகுதியில் பிள்ளைகள் சத்தம் போட்டார்களாம். "சத்தம் போடாதேங்கோ எண்டு ஒருத்தர் ஏசினார். எனக்கு அது கேக்க நல்லா இருந்தது" என்றார்.

பிறகு எழுந்து செருப்பைப் போட்டார். "வா. பூட்ட முதல் போவம்."

போகும் வழியில் காசா புரொஃபெஸ்ஸா வரும். முன்பு அது யேசு சபைத் துறவிகளின் இடம். இப்போது நகர நூலகமும் அங்கேதான் இருக்கிறது. 1760 ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் அது. எங்கள் வகுப்பை ஒரு முறை கூட்டிப் போனார்கள். உயரமான அலுமாரிகளில் தோல் அட்டை போட்ட பழைய புத்தகங்கள். அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அங்கேயே இருந்து கவனமாகப் பார்க்க வேண்டும்.

பக்கத்தில் உள்ள தேவாலயத்தைக் காட்டி, "1943 இல யுத்தத்தில இதுக்கு மேல குண்டு விழுந்தது, அப்பப்பா. குவிமாடம் இடிஞ்சது. பிறகு திருத்திக் கட்டினவை. எங்கட ரீச்சர் சொன்னவ" என்றேன்.

அப்பப்பா நின்று மேலே பார்த்தார். எந்த இடத்தில் பழைய கல் முடிகிறது, எந்த இடத்தில் புதிய கல் தொடங்குகிறது என்று தேடினார். "நல்ல வேலை" என்றார். அவர் அப்படி இலேசில் சொல்ல மாட்டார்.

சிறுவர் நூலகத்தின் கதவைத் திறந்தபோது என் கை நடுங்கியது. மூன்று புத்தகங்களையும் மேசையில் வைத்தேன். மனப்பாடம் செய்துகொண்டு வந்த வசனம் மறந்துவிட்டது. "என் தம்பி... இல்லை, நான்... நனைந்துவிட்டது. பிறகு பயத்தில் வரவில்லை" என்று இத்தாலிய மொழியில் சொன்னேன்.

நூலகர் கண்ணாடியைப் போட்டுப் பக்கங்களைப் புரட்டினார். மணந்தும் பார்த்தார்.

"கோப்பியா, தேநீரா?"

"தேநீர். பால் போட்டது."

அவர் சிரித்தார். பிறகு விதியைச் சொன்னார். பதினொரு நாள் பிந்தியதால், இன்னும் பதினொரு நாளுக்கு நான் புத்தகம் எடுக்க முடியாது. பழுதான புத்தகத்துக்குப் பதிலாக அதே புத்தகத்தில் ஒரு புதிய பிரதி வாங்கிக் கொடுக்க வேண்டும். பழுதானதை நான் வைத்துக்கொள்ளலாம். நான் எல்லாவற்றையும் தமிழில் சொல்ல, அப்பப்பா தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து ஐந்து யூரோவை எடுத்து மேசையில் வைத்தார். நூலகர் தலையை ஆட்டி, அதைத் திருப்பி அவரிடமே தள்ளினார்.

அப்பப்பா அந்தக் காசைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

புதிய பிரதியை எங்கே வாங்குவது? லிப்ரேரியாவில்தான்! அப்பப்பா உள்ளே வர மறுத்தார். "அந்த மனிசன் என்னைக் கள்ளன் எண்டு நினைச்சிருப்பார்" என்றார். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரருக்கு அப்பப்பாவை நன்றாக ஞாபகம் இருந்தது. நான் நடந்ததை விளக்கினேன். லைப்ரரி, லிப்ரேரியா, 22 நாள் எல்லாம். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்தார். 'பினோக்கியோ' 16 யூரோ. என்னிடம் 9 இருந்தது. தம்பி தன் உண்டியலிலிருந்து 2 யூரோ தந்திருந்தான், எல்லாம் சின்னச் சில்லறை. மீதி 5 அப்பப்பாவிடம் இருந்தது. நூலகர் திருப்பித் தள்ளிய அதே காசு.

பதினொரு நாள் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். கறை பிடித்த 'பினோக்கியோ' வீட்டில் இருந்தது. அதை முடித்தோம். சுறாவின் வயிற்றுக்குள் மகனும் தகப்பனும் சந்திக்கும் இடத்தை அப்பப்பா இரண்டு தரம் சொல்லச் சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் நூலகத்துக்குப் போனதும், நாங்கள் வாங்கிக் கொடுத்த புத்தகத்தைத் தேடினேன். தட்டில் இல்லை. யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

"ஆர் கொண்டு போனது?" என்று அப்பப்பா கேட்டார்.

"அவை சொல்லமாட்டினம், அப்பப்பா."

"தேத்தண்ணியைத் தள்ளி வைக்கச் சொல்லு" என்றார்.

அன்று அப்பப்பாவும் தன் பெயரில் ஓர் அங்கத்தவர் அட்டை எடுத்தார். படிவத்தை நான் நிரப்பினேன். கையெழுத்தை அவர் தமிழில் போட்டார். பிறகு தானாகவே அலுமாரிக்குப் போய்ப் பறவைகள் பற்றிய ஒரு படப் புத்தகத்தை எடுத்து வந்தார்.

"இதுக்கு இருவத்திரண்டு நாளோ?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியில் முப்பதாவது நாளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். அதற்கு ஒரு வாரம் முன்னால் இன்னொரு வட்டமும் போட்டார்.

சொல் அறிவோம்

இரவல் – திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லி வாங்கும் பொருள். கடன் என்பதும் அதைப் போன்ற சொல்தான். ஆனால் காசைக் கடன் வாங்குவோம், புத்தகத்தையும் குடையையும் இரவல் வாங்குவோம்.
தவணை – திருப்பிக் கொடுக்கத் தந்த காலம்.
தண்டப்பணம் – விதியை மீறினால் கட்டும் காசு.
பிரதி – ஒரே புத்தகத்தின் பல படிகளில் ஒன்று.
ஓலைச்சுவடி – பனை ஓலையில் எழுதிக் கட்டிய பழைய நூல்.

பேச்சும் எழுத்தும்

அப்பப்பா "குடுத்தனான்" என்கிறார். எழுதும்போது "கொடுத்தேன்" என்று எழுதுவோம். கீழே உள்ள பேச்சுச் சொற்களைப் பாடத்தில் தேடிப் பிடியுங்கள். அவற்றை எழுத்துத் தமிழில் மாற்றுங்கள்.

இஞ்ச, எண்டு, ஆர், தெரியேல்லை, சொல்லமாட்டினம், போவம்

உங்கள் வீட்டில் இவற்றை வேறு விதமாகச் சொல்வார்களா? அதையும் எழுதுங்கள். அது பிழை அல்ல.

கதைப்போம்

1. அப்பப்பா 22 என்ற எண்ணை ஏன் பிழையாக விளங்கிக்கொண்டார்?
2. அந்தப் பிள்ளை ஏன் சுற்று வழியால் பள்ளிக்குப் போனாள்?
3. கொடுக்க யாரும் இல்லை என்று தெரிந்தும் அப்பப்பா ஜூன் 12 இல் ஏன் போனார்? உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள். இதற்கு ஒரே ஒரு விடை இல்லை.

செய்து பார்ப்போம்

உங்கள் அம்மம்மா, அப்பம்மா, தாத்தா, மாமா யாரிடமாவது கேளுங்கள்: "நீங்கள் சின்ன வயசில புத்தகம் எங்க இரவல் எடுத்தனீங்கள்?" அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே பேச்சுத் தமிழில் ஐந்து வரி எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த வகுப்பில் வாசிப்போம்.